துவர்ப்புதான் ஆயுள்! - பூச்சிக்குத் தப்பிய 150 வயதுக் கொடியும் அதன் கறுப்பு ஒயினும்

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஜெர் மாவட்டத்தில், சர்ரகாஷி என்றொரு சின்ன ஊர். அங்கே இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்தை 2012-ம் ஆண்டு வரலாற்று நினைவுச்சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது பிரெஞ்சு அரசு. கோட்டைகளும் தேவாலயங்களும் இடம்பிடிக்கும் பட்டியல் அது. கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல், வெறும் செடிகளுக்காக ஓர் இடம் அதில் நுழைந்தது அபூர்வம்.

பெரிய தோட்டமும் இல்லை. மொத்தம் சுமார் 600 கொடிகள். வயது ஏறத்தாழ 200 ஆண்டுகள். நம்ப முடியாத அளவுக்குப் பருத்து, முறுக்கிக்கொண்டு, கருங்காலி நிறத்தில் நிற்கின்றன. ஆய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்த்தபோது அந்தச் சின்ன இடத்துக்குள் 20 ரகத் திராட்சைகள் இருந்தன. அவற்றில் 7 ரகங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. பெயரே கிடையாது.

இந்தப் பகுதியின் பழைய பெயர் காஸ்கோனி. அலெக்ஸாந்தர் துமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' நாவலில் வரும் டார்டான்யனை ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாத்திரத்துக்கு மூலமான நிஜ மனிதர் பிறந்தது இதே ஜெர் மாவட்டத்தில்தான். முரட்டுத்தனம், பிடிவாதம், பெரிய மனசு என்று காஸ்கோனிக்காரர்களைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதெல்லாம் அந்த ஊர் சிவப்பு ஒயினுக்கும் அப்படியே பொருந்தும்.

மணல் காப்பாற்றிய கொடிகள்

150 ஆண்டுகளைத் தாண்டிய திராட்சைக் கொடி பிரான்ஸில் ஏன் இவ்வளவு அபூர்வம்? காரணம் ஒரு பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, அசுவினி வகையறாவைச் சேர்ந்த ஃபில்லாக்ஸெரா.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகளோடு ஒட்டிக்கொண்டு 1860-களில் தெற்கு பிரான்ஸில் இறங்கியது. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். கொடி வாடும், காயும், சாகும். செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது. அது அடுத்த கொடிக்குப் போயிருக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. 1868-ல் மோன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் ழூல் எமில் பிளான்ஷோன் தலைமையில் போன குழு, உயிரோடு இருந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தபோதுதான் குற்றவாளி சிக்கியது.

சிக்கினாலும் தண்டிக்க முடியவில்லை. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்று அரசு அறிவித்தது. விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்று நம்பி, கொடிக்கு அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தவர்கள்கூட உண்டு. 1875-ல் சுமார் 845 கோடி லிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1889-ல் 234 கோடி லிட்டராகச் சரிந்தது. ஊர் ஊராகக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியேறின.

கடைசியில் வழி காட்டியதும் அமெரிக்காதான். அந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகிய அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று பிரான்ஸில் இருக்கும் திராட்சைக் கொடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அமெரிக்கா, உடம்பு பிரான்ஸ்.

மணலில் மட்டும் இந்தப் பூச்சியின் பாச்சா பலிக்கவில்லை. களிமண்ணில் விழும் வெடிப்புகள் வழியாக வேருக்கு வேர் ஊர்ந்து போகும் பூச்சிக்கு, சரிந்து விழும் மணலில் வழி கிடைப்பதில்லை. சர்ரகாஷி தப்பியது அதனால்தான். அருகிலேயே சான் மோன் என்ற ஊரில், 1871-ல் நட்ட இன்னொரு தோட்டமும் அப்படியே தப்பியது. சொந்த வேரில், ஒட்டுக்கட்டாமல் நிற்கும் அந்தக் கொடிகளிலிருந்து இன்றும் சிவப்பு ஒயின் எடுக்கிறது 'ப்ளைமோன்' என்ற விவசாயிகள் கூட்டுறவு. கிடைப்பது மிகக் குறைந்த எண்ணிக்கையிலான பாட்டில்கள்தான்.

அந்தத் திராட்சையின் பெயர் டன்னாட்.

டீயில் பால் ஏன் ஊற்றுகிறோம்?

டன்னாட்டைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் எழுதும் ஒயின் விமர்சகர்கள் திணறுவார்கள். 'வாயை உலர்த்துகிறது', 'ஈறுகளைப் பிடிக்கிறது' என்று சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். தமிழில் ஒரே வார்த்தை போதும், துவர்ப்பு. அறுசுவையில் அதற்குத் தனி நாற்காலியே போட்டிருக்கிறோம். பாக்கு, கடுக்காய், மாதுளம்பழத் தோல், வாழைப்பூ என்று சின்ன வயதிலிருந்தே நாக்குக்குப் பழக்கம்.

துவர்ப்பைக் கொடுப்பவை டானின் என்னும் பொருள்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. வாய்க்குள் போனதும் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு போய்விடும். நாக்கு அண்ணத்தில் உரசும். அதுதான் துவர்ப்பு. கட்டாந் தேநீர் நாக்கைப் பிடிப்பதும், பால் ஊற்றியதும் அந்தப் பிடி தளர்வதும் இதனால்தான். பாலில் இருக்கும் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துக்கொள்கிறது. காஸ்கோனிக்காரர்கள் இந்த ஒயினைக் கொழுப்பு மிதக்கும் வாத்துக்கறியோடும், பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த கசூலேயோடும் சாப்பிடுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே வேதியியல்தான். அவர்களுக்கு அது தெரியாது. பாட்டி அப்படித்தான் பரிமாறினார், அவ்வளவுதான்.

டன்னாட்டில் டானின் மிக மிக அதிகம். சான் மோனுக்குப் பக்கத்தில் இருக்கும் மதிரான் பகுதியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களுக்கும் இதுதான் முதுகெலும்பு. 19-ம் நூற்றாண்டில் பாஸ்க் நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் இதை உருகுவேக்குக் கொண்டுபோனார்கள். இன்று அந்த நாட்டின் அடையாளத் திராட்சையே டன்னாட்தான். வீட்டில் இரண்டாம் பிள்ளையாக இருந்தது, போன இடத்தில் தலைப்பிள்ளை ஆகிவிட்டது.

கண், மூக்கு, ஈறு

இளம் டன்னாட் ஒயினை ருசி பார்ப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

முதலில் நிறம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பிடிப்பார்கள். நடுவில் கிட்டத்தட்ட கறுப்பு. விளிம்பில் நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா. இந்த விளிம்புதான் ஒயினின் ஆதார் அட்டை. வயது ஏற ஏற ஊதா போய் மாணிக்கச் சிவப்பாகும். பிறகு செங்கல் நிறம், கடைசியில் பழுப்பு. ஐந்து வயது என்று சொல்லும் பாட்டிலின் விளிம்பு பழுப்பாக இருந்தால், அதை வெயிலிலோ சூட்டிலோ வைத்திருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து மூக்கு. கிளாஸைச் சுழற்றி முகர்ந்தால் இளம் ஒயினில் கறுப்புப் பழங்களின் வாசம் தூக்கலாக இருக்கும். பிளம்ஸ், பிளாக்பெர்ரி, அதிமதுரம். ஓக் பீப்பாயில் இருந்திருந்தால் கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் வறுத்த வாசம்.

மூன்றாவது வாய். ருசிபார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. ஒரு மிடறை வாய் முழுக்க ஓடவிட்டு, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிவிடுவார்கள். ஒரே காலையில் 40, 50 ஒயின்களைப் பார்க்க வேண்டியவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்! துப்பிய பிறகுதான் அவர்கள் வேலையே தொடங்குகிறது. துவர்ப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது? பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே மணல் காகிதம் போல அறுக்கிறதா, அல்லது வெல்வெட் துணியைத் தடவியது போலப் படர்ந்திருக்கிறதா? வாயோரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு போதுமான அளவு இருக்கிறது. துப்பியபின் பழ வாசம் எத்தனை நொடி நிற்கிறது? பத்து நொடிக்கு மேல் நின்றால் நல்ல சரக்கு.

இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலில்தான் ஒயினின் ஜாதகம் இருக்கிறது.

எது பழுக்கும், எது வாடும்?

'ஒயின் பழசாக ஆக நன்றாக இருக்கும்' என்பது பாதி உண்மை. உலகத்தில் தயாராகும் ஒயின்களில் பெரும்பங்கு ஓரிரு வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியவை. அவற்றை பத்து வருடம் பூட்டி வைத்தால் கிடைப்பது சப்பென்ற பழுப்புத் தண்ணீர்தான்.

பாட்டிலுக்குள் நடப்பது இதுதான். டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும், நிறத்தைக் கொடுக்கும் பொருள்களோடும் மெதுவாகக் கைகோத்துக்கொள்கின்றன. சேர்ந்து சேர்ந்து கனமானவை அடியில் வண்டலாகப் படிகின்றன. தக்கை வழியாக மிகச் சிறிதளவு காற்று உள்ளே போய் இந்த வேலையைத் தூண்டுகிறது. நிறம் வெளுக்கிறது, துவர்ப்பின் முனை மழுங்குகிறது. பழ வாசம் பின்வாங்கி, அதன் இடத்தில் தோல், புகையிலை, உலர்ந்த அத்திப்பழம், மழைக்குப் பிந்தைய காட்டு மண் என்று வேறு வாசங்கள் வருகின்றன. டானின் அதிகமுள்ள ஒயினுக்கு இந்தப் பயணம் நீளமானது. துவர்ப்புதான் ஆயுள் என்பது அந்தக் கணக்கில்தான்.

ஆனால், துவர்ப்பு மட்டும் இருந்தால் போதாது. பழச்சதை இல்லாத ஒயினில் துவர்ப்பு மட்டும் இருந்தால், துவர்ப்பு இறங்குவதற்குள் பழம் செத்துவிடும். 15 வருடம் காத்திருந்து திறந்தால் சக்கைதான் மிஞ்சும். புளிப்பு குறைந்த ஒயினும் அப்படித்தான், சீக்கிரமே தொய்ந்துவிடும். பழம், புளிப்பு, துவர்ப்பு மூன்றும் இளமையிலேயே சமமாக, மூன்றும் கொஞ்சம் அதிகமாகவே இருக்க வேண்டும். அப்படி அமைந்த மதிரான், சான் மோன் ஒயின்கள் 10 முதல் 20 வருடம் வரை சாதாரணமாகத் தாங்கும்.

இதைக் கணிக்க ஒயின் பிரியர்களிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது. பாட்டிலைத் திறந்து கால்வாசி ருசி பார்த்துவிட்டு, மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள், அதற்கு மறுநாள் என்று பார்ப்பார்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால் அந்த ஒயினுக்கு எதிர்காலம் இருக்கிறது. மறுநாளே சாய்ந்துவிட்டால் மிச்சமிருக்கும் பாட்டில்களை வைத்திருந்து பயனில்லை. விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. மாம்பழத்தைக் காம்போரம் முகர்ந்து பார்ப்பதைப் போல ஒரு கைப்பக்குவம்.

நடுவில் ஒரு குழப்பமும் உண்டு. நல்ல ஒயின்கள் சிலசமயம் சில வருடங்கள் ஊமையாகிவிடும். இளமையின் பழ வாசம் போயிருக்கும், முதுமையின் வாசம் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் திறந்தவர்கள் ஏமாந்துபோய் மொத்தத்தையும் தானம் செய்துவிட்ட கதைகள் நிறைய. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரே ஒயினில் ஆறு அல்லது பன்னிரண்டு பாட்டில்களாக வாங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்று திறக்கிறார்கள்.

வைக்கும் இடம் ஒயினைவிட முக்கியம். 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, அசைவில்லாத தரை. தக்கை காயாமல் இருக்க பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். வெப்பம் ஏறினால் பாட்டிலுக்குள் எல்லாமே வேகமெடுக்கும், 30 டிகிரி வீட்டில் ஒரு நல்ல ஒயின் சில கோடைகளிலேயே கிழமாகிவிடும். சமையலறை அலமாரியின் மேல்தட்டுதான் உலகம் முழுக்க ஒயின்களின் மயானம்.

20 வருட பாட்டிலைத் திறப்பதற்கும் ஒரு நிதானம் வேண்டும். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் இறங்கக் காத்திருப்பார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, வடிகஞ்சி இறுப்பதைப் போல மெதுவாக வேறொரு குடுவைக்குச் சாய்ப்பார்கள். கழுத்தில் கறுப்புக் கோடு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இளம் டன்னாட்டை இரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். முதிய ஒயினை அப்படி விட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச வாசமும் பறந்துவிடும்.

காத்திருக்க ஆள் இல்லை

சிக்கல் இங்கேதான். இவ்வளவு பொறுமை இன்று யாருக்கு இருக்கிறது? கடையில் வாங்கி அன்று மாலையே திறக்கும் காலம் இது. மதிரானைச் சேர்ந்த ஒயின் தயாரிப்பாளர் பாட்ரிக் டுகூர்னோ 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். தொட்டியின் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் குழலை இறக்கி, மில்லிலிட்டர் கணக்கில் ஆக்சிஜனைக் கசியவிடுவது. தக்கை வழியே பல வருடங்களில் நடக்கும் வேலையின் ஒரு பகுதி சில மாதங்களில் முடிந்துவிடும். 1996-ல் ஐரோப்பிய ஆணையம் அனுமதித்தது. இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். துவர்ப்பு இறங்குவது உண்மை. 20 வருடத்து அத்திப்பழ வாசத்தைத் தொட்டியில் குமிழி விட்டு வரவழைக்க முடியாது என்பதும் உண்மை.

இன்னொரு பேச்சையும் முடித்துவிடலாம். இந்தப் பகுதி ஒயின்களில் புரோசயனிடின் என்ற டானின் வகை அதிகம், அது ரத்தக்குழாய்களுக்கு நல்லது என்று 2006-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இன்றும் அதைத்தான் சுற்றுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது, பாதுகாப்பான அளவு மது என்று ஒன்று கிடையாது. மதுவில் இருக்கும் எத்தனால் புற்றுநோய்க் காரணி, அது 150 வயதுக் கொடியிலிருந்து வந்தாலும் சரி. டானின் வேண்டுமென்றால் மாதுளை போதும்.

சரி, கொடி வயதானால் ஒயினுக்கு உண்மையிலேயே என்ன கிடைக்கிறது? வயதான கொடி குறைவாகக் காய்க்கும். வேர் ஆழமாக, அகலமாகப் பரவியிருப்பதால் வறண்ட வருடத்திலும் பெருமழை வருடத்திலும் அதிகம் தடுமாறாது. மேலே சொன்ன மூன்று சமநிலையும் அமைய இது உதவுகிறது என்பது விவசாயிகளின் அனுபவம். ஆனால், ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. நல்ல இடத்தில் நட்ட கொடியைத்தான் யாரும் பிடுங்காமல் விட்டு வைத்திருப்பார்கள். ஆக, சுவை வயதால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பாட்டில் மேல் 'வியேய் வீஞ்', அதாவது 'பழைய கொடிகள்' என்று அச்சிட்டிருப்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. பிரெஞ்சுச் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு வயது வரம்பே இல்லை. 25 வயதுக் கொடியும் 'பழைய கொடி'தான், 120 வயதுக் கொடியும் 'பழைய கொடி'தான். சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2024 அக்டோபரில்தான் 35 வயது நிறைந்தால் பழைய கொடி என்று ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. அது பரிந்துரை மட்டுமே. லேபிளை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, பின்பக்கத்தில் நட்ட ஆண்டைப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். உண்மையிலேயே பழைய தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆண்டைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

அப்படிச் சொல்லக்கூடிய தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிரான்ஸில் சிவப்பு ஒயின் குடிப்பவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். விற்காத ஒயின் தேங்குகிறது. 2024-ல் பிரெஞ்சு அரசு 12 கோடி யூரோ ஒதுக்கி, திராட்சைக் கொடிகளை நிரந்தரமாகப் பிடுங்கிவிடும் விவசாயிக்கு ஒரு ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுத்தது. ஜெர் மாவட்டத்திலிருந்தும் விண்ணப்பங்கள் போயின. கடனில் இருக்கும் விவசாயி எந்தத் தோட்டத்தை முதலில் பிடுங்குவார்? குறைவாகக் காய்ப்பதை, இயந்திரம் உள்ளே போக முடியாததை, கையால் மட்டுமே அறுவடை செய்ய வேண்டியதை. அதாவது, பழையதை. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஒரு பழைய தோட்டத்தோடு போவது கொடிகள் மட்டும் இல்லை. மான்சாங் நுவார் என்ற திராட்சை ஏறக்குறைய மறைந்தேபோன ரகம். பழைய கொடிகளைத் தேடித் திரட்டியதில் அது திரும்பக் கிடைத்தது. வெயில் அதிகரிக்க அதிகரிக்க டன்னாட்டில் சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 14, 15 சதவிகிதம் என்று எகிறுகிறது. மான்சாங் நுவாரோ நன்றாகப் பழுத்த பிறகும் ஆல்கஹால் குறைவாகவே தருகிறது, நிறமும் துவர்ப்பும் குறைவதில்லை. இரண்டு தலைமுறைக்கு முன்னால் 'தேறாது' என்று ஒதுக்கிய ரகம், இந்தக் கோடைக்குத் தேவைப்படுகிறது. காஸ்கோனியில் அதை மறுபடி நட ஆரம்பித்துவிட்டார்கள்.

சர்ரகாஷியின் பெயரில்லாத 7 ரகங்களில் என்ன இருக்கிறது என்பது போகப்போகத்தான் தெரியும். நினைவுச்சின்னப் பட்டியலில் இருப்பதால் அந்த 600 கொடிகள் மேல் அரசுக்குத் தெரியாமல் யாரும் கை வைக்க முடியாது. சுற்றியிருக்கும் மற்ற பழைய தோட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.